பேஸ் கிட்டார் யாருக்குக் கேட்கிறது?

ஒரு வாசகரின் கேள்வி, 2023 நவம்பர் 11

எங்கள் ஊர் இசைக்குழுவில் பேஸ், அதாவது பாட்டுக்கு அடியில் கனத்த ஸ்வரம் கொடுக்கும் கிட்டார், வாசிக்க ஆள் தேடி அலுத்துவிட்டோம். கிட்டாருக்கு வரிசையில் நிற்கிறார்கள், பேஸ் என்றதும் ஓடுகிறார்கள். சரி, அது உண்மையிலேயே தேவைதானா? கீபோர்டுக்காரர் இடது கையில் வாசித்தால் போதாதா? போனில் பாட்டுக் கேட்கும்போது பேஸ் என்று தனியாக எதுவும் என் காதில் விழுந்ததே இல்லை. மொரிசியஸில் ஒரு குழுவில் பேஸ் வாசிப்பதாக இங்கே ஒருவர் சொல்லியிருந்தார். அவர் பதில் சொல்லட்டும்.

நவம்பர் 12

அந்த ஒருவர் நான்தான். போனில் கேட்காதது உண்மை. ஆனால் பழி போனுடையது. நாலு தந்தி பேஸில் அடித் தந்தி விநாடிக்குச் சுமார் 41 தடவை அதிரும். உள்ளங்கை அளவு போனில் இருக்கும் ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. மேலே இருக்கும் 82, 123, 164 என்ற துணை அதிர்வுகளிலேயே கொஞ்சம்தான் அதில் வெளியே வரும். அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு, கீழே இல்லாத ஸ்வரத்தைக் காதே கற்பனை பண்ணி நிரப்பிக்கொள்கிறது. பாட்டு ஓரளவு முழுசாகத் தெரிவது அதனால்தான். ஒரு தடவை நல்ல ஹெட்போன் போட்டு, எண்பதுகளில் வந்த இளையராஜா பாட்டு ஏதாவது ஒன்றில் பாடகரை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் பிடித்துப் பாருங்கள். அங்கே இன்னொரு மெட்டு தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அவருக்கு வாசித்த சசிதரனைப் பற்றியும், ரகுமானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸைப் பற்றியும் நாம் பேசுவது எவ்வளவு குறைவு!

நான் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். திருச்சியிலிருந்து எபேனுக்குக் கணினி வேலைக்கு வந்தவன், அப்படியே தங்கிவிட்டேன். குழுவில் பாடுகிற அக்கா பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர். டிரம்ஸ் அண்ணன் பேருந்து ஓட்டுகிறார். கீபோர்டு தம்பி கல்லூரியில் படிக்கிறான், பாட்டு வரிகளை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துப் படிப்பான். அப்புறம் ஒரு கிட்டார்காரர். வாசிப்பது கல்யாணம், கோயில் சங்கத்து விழா, பெரியவர்கள் பிறந்தநாள். தமிழ் சினிமாப் பாட்டு பாதி, சேகா என்ற இந்தத் தீவின் ஆட்ட இசை பாதி.

நவம்பர் 12, இரவு

இடது கை யோசனைக்குப் பதில் விட்டுப்போயிற்று. ஸ்வரம் கீபோர்டிலும் வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வாசிக்கிறவரின் கவனம் எல்லாம் வலது கையில் இருக்கும். பாட்டில் சிக்கலான இடம் வந்ததும் இடது கை ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடும். எங்கள் தம்பி கெட்டிக்காரன். அவனுக்கே அப்படித்தான்.

நவம்பர் 19

"இதில் என்ன சுகம் இருக்கிறது?" என்று இன்னொருவர் கேட்கிறார். பேஸ் வாசிக்கவேண்டும் என்று கனவு கண்டு வந்தவன் இல்லை நான். குழுவில் கிட்டாருக்கு ஆள் இருந்தது, பேஸுக்கு இல்லை, கடைசியாக வந்து சேர்ந்தவன் நான். விசாரித்தால் பாதிப் பேஸ்காரர்கள் கதை இப்படித்தான் இருக்கும்.

முதலில் உடம்புதான் பேசியது. தந்தியின் நீளம் 34 அங்குலம், சாதாரண கிட்டாரைவிட எட்டு ஒன்பது அங்குலம் கூடுதல். கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் என்ற கம்பிகளில் முதலாவதன் பக்கம் நாலு விரலையும் விரித்து வைப்பதற்குள் மணிக்கட்டு கெஞ்சும். தோளில் நாலு கிலோ தொங்கும். விரல் நுனி கொப்பளித்து, உடைந்து, காய்த்துப்போன பிறகுதான் தந்தி கொஞ்சம் பணிந்தது. மெட்ரோவில் பையோடு ஏறினால் பக்கத்துச் சீட்டுக்காரர் கிட்டாரா என்று கேட்பார், நானும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். கத்ர் போர்னில் இறங்குவதற்குள் விளக்கி முடிக்க முடியாது.

சுகம் எங்கே என்றால், வாசிக்காத நேரத்தில். ஒத்திகையில் ஒரு நாள் தந்தி அறுந்து நான் நிறுத்திவிட்டேன். அதுவரைக்கும் என்னைத் திரும்பியே பார்க்காத நாலு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

நவம்பர் 26

தந்தி என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தத் தீவில் பேஸ் தந்தி கிடைக்கும், ஆனால் கேட்ட ரகம் கேட்ட நாளில் கிடைக்காது, விலையும் கூடுதல். கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்து புதுத் தந்தியின் பளிச்சென்ற சத்தத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்தால் சுற்றுக்குள் சேர்ந்த அழுக்கு இளகி, கொஞ்ச நாளைக்குச் சத்தம் திரும்பி வரும். நான் செய்திருக்கிறேன். வீட்டில் ரசம் வைக்கிற பாத்திரத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.

இதற்கு நேர் எதிரான கட்சியும் உண்டு. அமெரிக்காவின் மோட்டவுன் இசைக் கம்பெனியில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வழவழவென்ற பட்டைச் சுற்றுத் தந்தியைத்தான் போட்டிருந்தார், அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பார்கள். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார். இரண்டு விரலால் மாற்றி மாற்றி மீட்டப் பழகாத சோம்பேறிகள் எல்லோரும் இவர் பெயரைச் சொல்லித்தான் தப்பிக்கிறோம்.

டிசம்பர் 3

நேற்று ஒரு கல்யாண மண்டபம். இதை நீளமாக எழுதப்போகிறேன், அவசரம் இருக்கிறவர்கள் தாண்டிப் போகலாம்.

பெரிய கான்கிரீட் மண்டபம். திரைச்சீலையும் இல்லை, விரிப்பும் இல்லை. முதல் பாட்டு தொடங்கியதுமே பேஸ் குழைந்து கூழாகிவிட்டது. சவுண்ட்காரர் என் சத்தத்தைக் குறைத்தார். கூழ் கொஞ்சம் சின்னதாயிற்று, கூழாகவே இருந்தது. 41 அதிர்வுள்ள சத்தத்தின் ஓர் அலையே எட்டு மீட்டர் நீளம். மண்டபத்தின் அகலத்துக்குள் அது சுவரில் மோதித் திரும்பி, அடுத்து நான் மீட்டுவதன் மேலேயே வந்து விழுகிறது. மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டிகளுக்குத்தான் அதிகம் இடித்திருக்கும்.

டிரம்ஸ் அண்ணன் இரண்டாவது பாட்டு முடிந்ததும் என் பக்கம் குனிந்து, "விடு, சீக்கிரம் விடு" என்றார். எதை விடச் சொல்கிறார் என்று கேட்கவில்லை, அவர் கண் என் இடது கையில் இருந்தது. அடுத்த பாட்டில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் டிரம்ஸில் ஸ்னேர் என்ற சின்ன மேளத்தின் அடி விழுவதற்கு ஒரு நூல் முன்னால் நிறுத்தினேன். விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் ஸ்வரம் அங்கேயே செத்துவிடும். வலது கையின் அடிப்பாகத்தை, தந்திகளின் அடிமுனை ஊன்றியிருக்கும் பிரிட்ஜ் அருகே லேசாகச் சாய்த்து வைத்தால் இன்னும் சுருக்கமாக விழும். நிமிடத்துக்கு 100 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கு 0.6 விநாடி. அதில் கடைசிக் கால்வாசியைக் காலியாக விட்டேன். அவ்வளவுதான். ஸ்னேர் பளீரென்று வெடித்தது, அக்காவின் சொற்கள் தெளிந்தன, பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்களின் கால் தட்ட ஆரம்பித்தது.

பேஸ் வாசிப்பவன் எதை எப்போது தொடங்குகிறான் என்பதைத்தான் யூடியூபில் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எப்போது முடிக்கிறான் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்தக் கைத்தொழிலில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

டிசம்பர் 4

மேலே சொன்னதைச் சூத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திறந்த வெளிப் பந்தலில் கதை தலைகீழ். அங்கே திருப்பி அனுப்பச் சுவர் இல்லை, சத்தம் போனது போனதுதான். மண்டபத்தில் நறுக்கிய மாதிரியே அங்கும் நறுக்கினால் பாட்டு எலும்பும் தோலுமாக நிற்கும், ஸ்வரத்தை முழுசாக நீட்டவேண்டும். மெதுவான பாட்டிலும் அப்படித்தான். இடத்தைப் பார், பாட்டைப் பார், பிறகு விரலைப் பார்.

டிசம்பர் 17

தந்திக்கு அடியில் நான் பஞ்சு வைத்து வாசிப்பதைப் பற்றி விவரம் கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஃபெண்டர் கம்பெனியின் பழைய பேஸ்களில் பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு பஞ்சுத் துண்டு வைத்தே வரும். தந்தி நீண்டு ஒலிக்காமல் அமுக்குவதற்கு. என்னுடையதில் அது கிடையாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் பச்சைச் சொரசொரப்புப் பக்கத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, மஞ்சள் பக்கத்தை ஒரு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டி, நாலு தந்திக்கும் அடியில் பிரிட்ஜை ஒட்டிச் சொருகினேன். இறுக்கமாக வைத்தால் கட்டையில் தட்டுகிற மாதிரி "டொக்" என்றுதான் வரும். தந்தியை லேசாகத் தொட்டுக்கொண்டு இருந்தால் போதும். பழைய சினிமாப் பாட்டுகளுக்கு அருமையாகப் பொருந்துகிறது. சேகாவுக்கு எடுத்துவிடுகிறேன்.

கிட்டார்காரர் இதைப் பார்த்து, அடுத்து என்ன சபீனாவா என்றார்.

2024 ஜனவரி 17

பெலால் புயல் தெரிந்திருக்கும். திங்கட்கிழமை போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் குழுவில் எல்லோரும் நலம். ஒத்திகை நடக்கும் கராஜுக்குள் தண்ணீர் வரவில்லை, ஈரம் வந்தது. பேஸின் கழுத்து வளைந்து, தந்தி ஃபிரெட்டை விட்டு எழும்பி நின்றது. கழுத்துக்குள் ஓடும் கம்பியை ஆலன் கீயால் கால் சுற்று வலப்பக்கம் திருப்பிவிட்டு, ஒரு நாள் காத்திருந்து மறுபடி பார்க்கவேண்டும். ஆத்திரப்பட்டு ஒரே மூச்சில் திருகாதீர்கள். கம்பியின் மரை போனால் கழுத்தே போச்சு.

ரவான் என்று சேகாவுக்கு அடிக்கும் ஒரு மேளம், அண்ணனுடையது இன்னும் மோசம். ஆட்டுத்தோல் தொய்ந்து தொளதொளவென்று ஆகிவிட்டது. அவர் கவலைப்படவில்லை, எப்படியும் வாசிப்பதற்கு முன் நெருப்பில் காட்டித்தானே சுருதி ஏற்றுகிறார். என் பேஸையும் காட்டட்டுமா என்று கேட்டார்.

ஜனவரி 27

தைப்பூசக் காவடி முடிந்து இரண்டு நாள் ஆகிறது. இங்கே அது அரசு விடுமுறை. அண்ணன் பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுத்தார், அதனால் இந்த வாரம் ஒத்திகை இல்லை. ஊர்வலத்தின் பின்னால் நடந்துகொண்டே ஒன்றைக் கவனித்தேன்.

காவடிச்சிந்து திஸ்ர நடை. தகிட தகிட என்று மூன்று மூன்றாக நடக்கும். சேகாவுக்கும் ஆறுதான் கணக்கு. ஆனால் ரவான், மரவான் என்ற குலுக்குப் பெட்டி, முக்கோணக் கம்பி மூன்றும் சேர்ந்து ஒலிக்கும்போது அந்த ஆறு ஒரு கணம் தகிட தகிட என்று கேட்கும், மறு கணம் தக தக தக என்று இரண்டிரண்டாகக் கேட்கும். கால் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், இடுப்பு மற்றதைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டமே அந்த இழுபறியில்தான் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த புதிதில் சேகாவுக்கு நான் தகிடவை மட்டும் அழுத்தி வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தாளத்தில்தான் இருந்தது, ஒருத்தரும் ஆடவில்லை. அண்ணன் ரவானை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, நான் எந்தப் பக்கம் சாய்கிறேனோ அதற்கு எதிர்ப்பக்கமே அடித்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றேதான். கடைசியில் கண்டுபிடித்த வழி: முதல் பாதியில் ஸ்வரத்தை நீட்டித் தகிடவுக்கு விட்டுக்கொடுப்பது, இரண்டாவது பாதியில் இரண்டு குட்டை ஸ்வரங்களால் மற்றக் கணக்கைத் தொட்டுக்காட்டிவிட்டு விலகிக்கொள்வது. பாருங்கள், இங்கேயும் நீளம்தான்.

மொரிசியஸின் மரபுச் சேகாவை யுனெஸ்கோ 2014இல் தன் பட்டியலில் சேர்த்தது. அந்த மரபில் பேஸ் கிட்டார் கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். ரவானே அடியைப் பார்த்துக்கொள்ளும். நாங்களெல்லாம் மின்சாரத்தோடு பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளிகள்.

பிப்ரவரி 21

இன்றோடு கயா இறந்து 25 ஆண்டு. பெயர் ஜோசப் ரெஜினால்ட் டோபிஸ். சேகாவையும் ஜமைக்காவின் ரெகேயையும் இணைத்துச் செகே என்ற இசையை வளர்த்தவர். 1999இல் இதே நாள் போலீஸ் காவலில் இறந்துகிடந்தார். தீவு பற்றி எரிந்தது. அந்த நாட்களைப் பற்றி அண்ணன் அதிகம் பேச மாட்டார்.

இசைக்கு வருகிறேன். பேஸ் யாருக்கும் கேட்காது என்று சொல்கிறவர்கள் செகே கேட்கலாம். ரெகேயில் முதல் தட்டை டிரம்ஸ் காலியாக விட்டு மூன்றாவதில் விழும் ஒரு நடை உண்டு. அங்கே பாட்டைத் தூக்கி நிறுத்துவது பேஸ்தான். செகேயில் அந்தக் கனத்தோடு சேகாவின் சுழற்சியும் சேர்ந்துகொள்கிறது. நான் இதை இன்னும் சரியாக வாசிப்பதில்லை, கனத்தைப் பிடித்தால் சுழற்சி நழுவுகிறது. ஜாஸ் இசைக்கலைஞர் ஜோ சாவினுல் குழுவில் பேஸ் வாசித்த லின்லி மார்த் இந்தத் தீவில் பிறந்தவர். அவர் வாசிப்பதைப் பார்த்த அன்று நான் பேஸைத் தொடவே இல்லை.

மார்ச் 3

சத்தச் சண்டை. எல்லாக் குழுவிலும் உண்டு, எங்கள் குழுவில் போன வாரம் முற்றியது. கிட்டார்காரர் கூட்டுவார், தம்பி கூட்டுவான், அக்காவுக்குத் தன் குரல் கேட்காது, மைக்கைக் கூட்டச் சொல்வார், மைக் கீச்சிடும். நானும் உத்தமன் இல்லை. வெளியேபோய்விடுவேன் என்று ஒருவர் சொன்னார், யார் என்று எழுதமாட்டேன்.

போனில் ஒரு செயலியை வைத்து அளந்தோம். ஏறக்குறைய 100 டெசிபெல் காட்டியது. செயலி துல்லியமில்லைதான். ஆனாலும் வேலையிடத்தில் உடல்நலம் பற்றி ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் தரும் கணக்கில் 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு, மூன்று மூன்றாகக் கூடும்போது நேரம் பாதி பாதியாகக் குறையும். 100 என்றால் கால் மணி நேரம். நாங்கள் சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க அந்தக் கராஜில் உட்கார்ந்திருக்கிறோம். காதடைப்பான் வாங்கிவிட்டோம். அதைப் போட்டுக்கொண்ட முதல் ஒத்திகையில் எல்லோரும் ஒருவரை ஒருவர் கேட்டோம், சண்டையும் தானாக ஓய்ந்தது. பேருந்தில் ஹாரன் கேட்டுக் கேட்டு ஏற்கெனவே பாதிக் காது போய்விட்டது என்று அண்ணன் மட்டும் போட மறுக்கிறார். அக்கா விடப்போவதில்லை.

மார்ச் 20

நாலு தந்தியா ஐந்து தந்தியா என்று கேட்பவர்களுக்கு இதுவரை நாலு போதும் என்றுதான் சொல்லி வந்தேன். இப்போது கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது.

வருஷப்பிறப்பு நிகழ்ச்சிக்கு எடுத்த பாட்டு ஒன்று மூன்று கட்டைச் சுருதியில். எனக்குச் சொர்க்கம், அடித் தந்தியை அப்படியே திறந்து விட்டால் ஆதார ஸட்ஜம். அக்காவுக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை, இரண்டரைக் கட்டைக்கு இறக்கச் சொன்னார். கீபோர்டு தம்பி ஒரு பொத்தானை அமுக்கினான், வேலை முடிந்தது. கிட்டார்காரருக்கும் பெரிய பாடு இல்லை. எனக்கு மட்டும் காலுக்குக் கீழே தரை போய்விட்டது. நாலு தந்தி பேஸில் மூன்று கட்டைக்குக் கீழே ஒன்றும் கிடையாது. அதே ஸ்வரத்தை மேல் ஸ்தாயியில் அடுத்துள்ள ஏ தந்தியின் ஆறாவது ஃபிரெட்டிலோ அதற்கடுத்த டி தந்தியின் முதல் ஃபிரெட்டிலோ எடுக்கலாம். சரியான ஸ்வரம்தான், ஆனால் அந்த இடத்தில் பாட்டுக்கு வேண்டிய பாரம் அதில் இல்லை.

நாலு தந்தியையும் அரைக்கட்டை தளர்த்திப் பார்த்தேன். இறக்கியதும் தந்தி தொய்ந்து ஃபிரெட்டில் உரசுகிறது, அடுத்த பாட்டுக்கு மறுபடி ஏற்றவேண்டும். ஐந்து தந்தி என்றால் கீழே பி தந்தி வரும், சுமார் 31 அதிர்வு வரை இறங்கலாம். கழுத்து அகலம், விலை, எடை எல்லாம் கூடும். தொடாத தந்தி ஒன்று கூடுதலாக அதிர்ந்துகொண்டே இருக்கும், அதையும் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே வாசிக்கவேண்டும்.

"நீங்கள் இன்னும் கொஞ்சம் சாதகம் பண்ணினால் மூன்று கட்டையே எட்டுமே அக்கா" என்று சொல்லிப் பார்த்தேன். வகுப்பில் பையன்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

ஏப்ரல் 15

நேற்று வருஷப்பிறப்பு நிகழ்ச்சி. திறந்த வெளி, நல்ல காற்று, நீட்டி வாசித்தேன். நவம்பரில் முதல் கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு தகவல்: நிகழ்ச்சி நடுவில் கீபோர்டு தம்பியின் இடது கை என் ஸ்வரங்களின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது, அடியில் இரண்டு பேர் ஒரே நாற்காலிக்கு மோதிக்கொண்டிருந்தோம். அண்ணன் டிரம்ஸ் குச்சியை நீட்டி அவன் இடது கையைக் காட்டினார். அவன் அதைத் தூக்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஒரு சரணம் முழுக்க ஒற்றைக் கையால் வாசித்தான். ஜனங்கள் அதை ஸ்டைல் என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஆகவே உங்கள் குழுவுக்கும் ஓர் ஆள் தேடுங்கள். கிட்டார் வரிசையில் கடைசியில் நிற்பவரைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

அந்த இரண்டரைக் கட்டைப் பாட்டை ஏ தந்தியிலேயே சமாளித்தேன். யாரும் குறை சொல்லவில்லை, எனக்குத்தான் உறுத்தல். இறங்கி வரும்போது அக்கா, அடுத்த மாதக் கல்யாணத்துக்கு அதையே இரண்டு கட்டையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். ஐந்து தந்திப் பேஸ் யாராவது விற்பதாக இருந்தால் சொல்லுங்கள். இடக்கைக்காரர்களுடையது வேண்டாம்.